ஞாயிறும் சேர்த்து

அடுகோடி, பெங்களூரு
26 பிப்ரவரி 2025, புதன்

அன்புள்ள மாப்பிள்ளை ஃபிராங்க்ளினுக்கு,

ஆம்ப்ரோஸ் எழுதுவது. இங்கே நானும் மௌரீனும் குறையில்லாமல் இருக்கிறோம். நீங்களும் என் தங்கச்சி ஆஞ்சலாவும் குன்னூர் போய்ச் சேர்ந்தது போனில் தெரிந்தது. மலைக் குளிரில் கால் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் சொல்லவில்லை.

திங்கட்கிழமை இங்கே டாக்டர் சொன்னதை மறுபடி எழுதி வைக்கிறேன், ஏனென்றால் உள்ளே நீங்கள் தலையாட்டியது வெளியே வந்ததும் மறந்துபோனது போலிருந்தது. "கட்டைவிரல் புண்ணுக்கு ரத்தம் போகல. சிகரெட்டை அடியோட நிறுத்தினா புண் மூட வாய்ப்பு இருக்கு. இல்லேன்னா விரலை எடுக்கணும். அதுக்கப்புறம் எந்த இடத்துல நிறுத்துவோம்னு என்னால சொல்ல முடியாது." ஏப்ரல் 24 வியாழக்கிழமை மறுபடி பார்க்கிறார். அன்றைக்குத்தான் முடிவு. இதைக் கேட்டுவிட்டு வந்து, ஆட்டோ ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்ப் பற்ற வைத்தீர்கள். ஆஞ்சலா பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

திட்டுவதற்கு எழுதவில்லை. நானும் இருபத்தாறு வருடம் இழுத்தவன். சைக்கிளில் பழைய பேரிங் விற்ற காலத்தில் தொடங்கியது. நான் விட்டதற்குப் பக்தி காரணமில்லை, பயமும் காரணமில்லை. பழைய மோட்டார் வாங்கி விற்கிறவனுக்கு மூக்குதான் முதல். உள்ளே சுற்றிய செம்புக் கம்பி, அந்தக் காயில், கருகியிருந்தால் வெளியே எத்தனை பெயிண்ட் அடித்தாலும் வாசனை காட்டிக்கொடுக்கும். நாலு வருடம் முன்னால் ஒரு பெரிய மோட்டாரை நல்லது என்று வாங்கிக் கடையில் இறக்கினேன். பக்கத்துக் கடை சேஷகிரி வாசலில் நின்றபடியே, "என்ன சார், எரிஞ்சுபோன பிணத்தைக் கொண்டாந்திருக்கீங்க?" என்றார். நான் குனிந்து முகர்ந்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அன்றைக்கு விட்டேன். மூக்கு மூன்றாவது வாரம் திரும்பி வந்தது.

இனி எனக்குப் போன் செய்ய வேண்டாம். போனை இடது கையில் எடுத்தால் உங்கள் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. கடிதம் எழுதுங்கள். வலது கை பேனாவில் மாட்டிக்கொள்ளும். இன்லண்ட் லெட்டர் வேண்டாம், உறையில் போட்டு நன்றாக ஒட்டி அனுப்புங்கள். மலை ஈரத்தில் மசி ஊறிவிடும்.

எந்தத் தேதியில் நிறுத்துகிறீர்கள்?

ஆஞ்சலாவுக்கு எங்கள் அன்பு. காலில் உல்லன் சாக்ஸ் போடச் சொன்னேன் என்று சொல்லவும்.

அன்புடன்,
ஆம்ப்ரோஸ்

*

குன்னூர்
6 மார்ச் 2025, வியாழன்

அன்பும் மரியாதையும் உள்ள மச்சானுக்கு,

ஆண்டவர் இரக்கத்தால் நாங்கள் இருவரும் நலம். உங்கள் முதுகு வலியும் மௌரீன் அக்காவின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு கீழே இறங்கும்போதே சிகரெட் பாக்கெட்டைக் கோவில் குப்பைத் தொட்டியில் போட்டேன். இதில் நீங்கள் எனக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை மச்சான். இருபத்திரண்டு வருடமாகத் தவக்காலத்தில் சிகரெட்டை விட்டு ஒறுத்தல் செய்கிறவன் நான். ஒரு வருடமும் தவறியதில்லை. இது எனக்குப் பழகிய பாதை.

கால் அப்படியே. கோவிலுக்கு எண்பத்து நாலு படி. நேற்று ஐந்து இடத்தில் நின்றேன். கெண்டைக்காலில் கயிறு போட்டு முறுக்குவது மாதிரி இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் ஜெபிக்க நிற்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

தேயிலை ஃபேக்டரியில் புது சீசன் வேலை. மோட்டார்களுக்கெல்லாம் சர்வீஸ் நடக்கிறது.

இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் மாப்பிள்ளை,
ஃபிராங்க்ளின்

*

அடுகோடி
10 மார்ச் 2025, திங்கள்

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் வந்தது. முதுகு பரவாயில்லை, மௌரீன் சர்க்கரையை விடவில்லை, ஆனால் ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்பதால் நலம் என்றே எழுதுகிறேன்.

தவக்கால அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு வியாபாரியாகக் கேட்கிறேன்: இருபத்திரண்டு வருடம் நிறுத்தியவர் எப்படி இன்னும் பிடிக்கிறார்? தவக்காலம் முடிகிற உயிர்ப்பு ஞாயிறு காலையில் கோவில் வாசலில் பற்ற வைப்பதால். நாற்பது நாள் கடையைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தீர்கள். இந்தத் தடவை சாவியையும் தூக்கிப் போட வேண்டும்.

இப்போது நடைமுறை. முதல் மூன்று நாள்தான் கொடுமை, அது உங்களுக்கு முடிந்திருக்கும். தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம் எல்லாம் சரக்கோடு வருகிற பேக்கிங் மாதிரி, பிரித்துப் போட்டால் போய்விடும். ஆசை வரும்போது அதனோடு வாதாடாதீர்கள். என் கடைக்கு ஒருவர் வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டால் நான் "முடியாது" என்றுகூடச் சொல்வதில்லை. நிமிர்ந்து பார்க்காமல் நட்டு பொறுக்கிக்கொண்டிருப்பேன். ஐந்து நிமிடத்தில் அவரே போய்விடுவார். சிகரெட் ஆசையும் அவ்வளவுதான். பேச்சுக் கொடுத்தால்தான் உட்கார்ந்துகொள்ளும்.

ஃபேக்டரி கேட் பெட்டிக்கடை வழியாகப் போகாதீர்கள். டீ குடித்த உடனே எழுந்துவிடுங்கள். சட்டைப் பையில் சோம்பும் கிராம்பும் போட்டு வையுங்கள், கை தேடிப் போனால் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

வாரம் ஒரு கடிதம் வேண்டும். கிழமையும் போடுங்கள்.

புண்ணைத் தினமும் சுத்தம் செய்கிறீர்களா? ஆஞ்சலா சாப்பிடுகிறாளா?

அன்புடன்,
ஆம்ப்ரோஸ்

*

குன்னூர்
16 மார்ச் 2025, ஞாயிறு

மச்சானுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே.

இன்று மனம் நிறைவாக இருக்கிறது. பூசை முடித்து, ஆட்டுக்கறி சாப்பிட்டு, வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெற்றிகரமாகப் பத்து நாள் முடிந்தது! சோம்பு யோசனை நன்று. எப்போதும் வாயில் சோம்பு இருப்பதால் ஃபேக்டரியில் எல்லாரும் என்னைக் கல்யாண வீட்டு ஆள் என்கிறார்கள். திங்கள், செவ்வாய் மட்டும் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

புண் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அக்காவுக்கு என் வணக்கம்.

ஃபிராங்க்ளின்

*

குன்னூர்
18 மார்ச் 2025, செவ்வாய்

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நல்லா இருக்கீங்களா? நான் இருக்கிறேன்.

அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். நேற்று ரசத்தில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். உப்பு போட்டிருந்தேன். நானே ருசி பார்த்தேன். இன்று காலையில் சாக்ஸ் ஒன்று காணோம் என்று வீட்டையே புரட்டினார், அது அவர் காலிலேயே இருந்தது. சிரித்துவிட்டேன். அதற்கு ஒரு சண்டை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தங்கமான மனுஷன். எனக்குத் தேங்காய் துருவிக் கொடுக்கிறார், பாட்டுப் பாடுகிறார். திங்கட்கிழமை மறுபடி கரடி.

சிகரெட் பிடிக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது அண்ணா. "இல்லை" என்று சொன்னால் நம்ப வேண்டும், நம்பிவிட்டுக் கட்டுப் பிரித்தால் புண் அப்படியே இருக்கிறது. அந்த விரலைப் பார்க்கும்போதெல்லாம் ஏப்ரல் 24 ஞாபகம்.

நான் அவர் பையைத் தேடட்டுமா? நீ சொன்னால் செய்கிறேன்.

உன் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள். யூகலிப்டஸ் எண்ணெய் அனுப்புகிறேன்.

ஆஞ்சலா

*

அடுகோடி
21 மார்ச் 2025, வெள்ளி

ஆஞ்சலா,

தைலம் வந்தால் சந்தோஷம். உடம்பு ஓடுகிறது.

பையைத் தேடாதே. நீ போலீஸ் ஆனால் அவர் திருடன் ஆகிவிடுவார், பிறகு அதுதான் வீட்டில் நடக்கும். கத்தினால் அடுத்த அறைக்குப் போ. ரசத்தைப் பற்றி வாதாடாதே, அவர் நாக்கு இப்போதுதான் கண் விழிக்கிறது, அதற்கே எது உப்பு என்று தெரியவில்லை.

மற்றதை என்னிடம் விடு. நீ எழுதியது அவருக்குத் தெரியவராது.

அண்ணன்

*

அடுகோடி
21 மார்ச் 2025, வெள்ளி

அன்புள்ள மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் ஏறிவிட்டது, மற்றபடி எல்லாரும் சுகம்.

நேராகவே கேட்கிறேன். பதினாறாம் தேதி எழுதும்போது பத்து நாள் என்றீர்கள். என் காலண்டரில் ஐந்தாம் தேதியிலிருந்து எண்ணினால் பன்னிரண்டு வருகிறது. மூன்று தடவை எண்ணினேன். காணாமல் போன இரண்டும் ஞாயிற்றுக்கிழமைகள்.

நானும் அதே கோவிலில் ஞானஸ்நானம் வாங்கியவன்தான். தவக்காலம் நாற்பது நாள், ஞாயிறு கணக்கில் வராது என்று சின்ன வயதிலேயே ஞானோபதேச வகுப்பில் படித்தோம். ஞாயிறு கறி சாப்பிடலாம், சீட்டு ஆடலாம். நீங்கள் ஏமாற்றவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் செய்ததைத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் மாப்பிள்ளை, உங்கள் கால் கட்டைவிரலுக்கு ஞானோபதேசம் தெரியாது. அதற்கு ஞாயிறும் ஒன்றுதான், புதனும் ஒன்றுதான்.

திங்கள், செவ்வாய் ஏன் சிரமம் என்று கேட்டீர்கள். ஞாயிறு பிடித்தால் திங்கள் உங்களுக்கு முதல் நாள். முதல் மூன்று நாள் கொடுமை என்று சொன்னேனே, அதை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் தாண்டினேன். அதற்கே மௌரீன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நீங்கள் இந்த மாதத்தில் அதே மூன்று நாளை மூன்று தடவை தாண்டியிருக்கிறீர்கள்! என்னைவிட மூன்று மடங்கு தெம்பு உங்களிடம் இருக்கிறது. அதை வாராவாரம் திங்கட்கிழமை வாசலிலேயே செலவழிக்கிறீர்கள்.

ஒரு ஞாயிற்றைத் தாண்டுங்கள். ஒன்றே ஒன்று. அதற்கப்புறம் வருகிற திங்களை எனக்கு எழுதுங்கள்.

கோபம் வந்தால் வரட்டும். காலைச் சூடாக வைத்துக்கொள்ளவும்.

ஆம்ப்ரோஸ்

*

அடுகோடி
4 ஏப்ரல் 2025, வெள்ளி

அன்புள்ள மாப்பிள்ளை,

இரண்டு வாரமாகக் கடிதம் இல்லை. உங்களுக்கும் ஆஞ்சலாவுக்கும் ஒன்றுமில்லையே? போன் செய்யலாம், ஆனால் நான் போட்ட சட்டத்தை நானே உடைக்க மனமில்லை.

"அவர் உன் தங்கச்சி வீட்டுக்காரர், கடைக்கு வந்த ஆள் இல்லை. இப்படியா எழுதுவாங்க?" என்று மௌரீன் திட்டுகிறாள். எழுதிய விதம் முரட்டுத்தனம் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதிய விஷயத்தை வாபஸ் வாங்கமாட்டேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் நாலு பக்கம் திட்டி எழுதுங்கள். அந்த நேரம் கை வேலையாக இருக்கும்.

24க்கு இன்னும் இருபது நாள். இன்றைக்குத் தொடங்கினாலும் தாமதமில்லை.

ஆம்ப்ரோஸ்

*

குன்னூர்
9 ஏப்ரல் 2025, புதன்

மச்சானுக்கு,

வணக்கம். உங்கள் வீட்டார் நலத்துக்கு வேண்டுகிறேன். நாங்கள் இருக்கிறோம்.

21ஆம் தேதிக் கடிதம் 24 திங்கட்கிழமை காலையில் வந்தது. படித்துவிட்டுக் கிழித்தேன். முந்தின நாள் ஞாயிறு மூன்று பிடித்திருந்தேன், அதனால் கோபம் இன்னும் அதிகம். ஆஞ்சலாதான் உங்களுக்குச் சொல்லிவிட்டாள் என்று அவளோடு ஒரு நாள் பேசவில்லை.

எனக்கு நியாயம் கேட்க நேரே ஃபாதர் டென்சிலிடம் போனேன். "ஃபாதர், தவக்காலத்துல ஞாயிறு ஒறுத்தல் கிடையாதுதானே?" என்று கேட்டேன். "கிடையாதுப்பா. யார் சொன்னா உண்டுன்னு?" என்றார். வெற்றி என்று நினைத்தேன். எதற்குக் கேட்கிறாய் என்றார். சொன்னேன். அவர் என் கால் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள்னு ஒறுத்தல் இல்லை. உயிர்க்கிற நாளாப் பார்த்து நீ காலைச் சாகடிக்கிறியா?" என்றார். படியிறங்கி வந்து, கிழித்த கடிதத்தை எடுத்து ஒட்டினேன்.

மார்ச் 30 ஞாயிறு. பூசை முடிந்து மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஆண்கள் எல்லாரும் நிற்கும் இடம் உங்களுக்குத் தெரியும். நம் டிரேவர் வழக்கம்போல் சிகரெட் பாக்கெட்டை நீட்டினான். "என்னடா ஃபிராங்க், ஆஞ்சலா பர்மிஷன் தரலையா?" என்றான். நீங்கள் சொன்ன மாதிரி நிமிர்ந்தே பார்க்கவில்லை. கோவில் மைக் ஒயர் அறுந்திருக்கிறது என்று ஒரு பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். போய்ப் பார்த்தால் நிஜமாகவே ஒயர் அறுந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சரிசெய்தேன். ஒயரைச் சீவும்போதே ஆசை கூப்பிட்டது. ஆனால் தாண்டினேன்.

மறுநாள் திங்கள். ஆஞ்சலா சொல்கிற திங்கட்கிழமைக் கரடி வரவில்லை மச்சான். சும்மா ஒரு திங்கட்கிழமையாக வந்துவிட்டுப் போனது.

ஒரு ஞாயிறு தற்செயலாக இருக்கலாம் என்று இரண்டாவதையும் தாண்டிவிட்டு எழுதலாம் என்றுதான் எழுதவில்லை. ஆறாம் தேதியும் தாண்டினேன். மார்ச் 24இலிருந்து பதினேழு நாள், ஞாயிறும் சேர்த்து.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஆஞ்சலாவா சொன்னாள்?

புண் ஓரத்தில் ரோஜா நிறம் தெரிகிறது என்கிறாள். என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறது.

ஃபிராங்க்ளின்

*

அடுகோடி
14 ஏப்ரல் 2025, திங்கள்

அன்புள்ள மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தை மௌரீனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் அழுதாள், நான் மைக் ஒயரைப் பற்றிச் சிரித்தேன். ஆக மொத்தம் இங்கே எல்லாரும் நலம்.

ஆஞ்சலா சொல்லவில்லை. உங்கள் கணக்குச் சொன்னது. இன்னொன்றும் சொன்னது, அதை 24ஆம் தேதி நேரில் சொல்கிறேன். முதலில் அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள்.

இப்போது பெரிய ஞாயிறு வருகிறது. இருபத்திரண்டு வருடமாக உயிர்ப்புப் பூசை முடிந்த கையோடு அந்த மணிக்கூண்டில் பற்ற வைத்தவர் நீங்கள். உங்கள் உடம்பு அந்த நிமிடத்துக்காகவே உட்கார்ந்திருக்கும். "நாற்பது நாள் முடிஞ்சாச்சே, ஒண்ணே ஒண்ணு" என்று கேட்கும். அது ஒன்றோடு நிற்காது என்று, முதல் ஞாயிறு பிடித்த மார்ச் 9ஆம் தேதியிலிருந்து உங்களுக்குத் தெரியும். அன்றைக்குப் பொய் சொல்லி உள்ளே ஓட வேண்டாம். அங்கேயே நின்று சொல்லிவிடுங்கள். இத்தனை பேர் முன்னால் சொன்ன விலையை எந்த வியாபாரியும் மாற்றமாட்டான்.

படியில் எத்தனை இடத்தில் நிற்கிறீர்கள் என்று எண்ணி எழுதவும்.

ஆம்ப்ரோஸ்

*

குன்னூர்
21 ஏப்ரல் 2025, திங்கள்

அன்பு மச்சானுக்கும் அக்காவுக்கும்,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். இங்கே இருவரும் நிஜமாகவே சுகம்.

முதலில் படி. நேற்று விடிகாலைப் பூசைக்குப் போகும்போது ஆஞ்சலா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நாற்பதாவது படியில் அவள்தான் நின்றாள், மூச்சு வாங்கியது அவளுக்கு! நான் அவளுக்காக நின்றேன். எனக்காக ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மெதுவாகத்தான் ஏறினேன், கெண்டைக்கால் முனகியது, ஆனால் நிற்கவில்லை.

பூசை முடிந்ததும் டிரேவர் வழக்கம்போல் எனக்கென்று ஒன்றைக் கையில் தயாராக வைத்திருந்தான். "ஹேப்பி ஈஸ்டர்! வா, தவக்காலம் முடிஞ்சுது." நான் அங்கேயே நின்றேன். "தவக்காலம் முடிஞ்சுது டிரேவர். சிகரெட்டும் முடிஞ்சுது" என்றேன். பிறகு டிரேவர், "அப்ப நாளைக்கு?" என்றான். "நாளைக்கும்" என்றேன். அவன் கையிலிருந்ததை மறுபடி பாக்கெட்டில் வைத்தான். அவனும் பற்ற வைக்கவில்லை. நான் பார்த்தேன்.

இன்னொரு விஷயம். சனிக்கிழமை ஃபேக்டரியில் பச்சை இலை வாட்டும் இடத்தில் நடந்துபோனபோது ஏதோ சுருக்கென்று மூக்கில் பட்டது. வார்னிஷ் கருகுகிற வாசனை. பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஓடிப்போய்ப் பெரிய காற்றாடி மோட்டாரை நிறுத்தினேன். திறந்து பார்த்தால் காயில் சூடேறிக் கருக ஆரம்பித்திருந்தது. இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தால் மொத்தமும் போயிருக்கும். மேனேஜர் கை குலுக்கினார். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், மச்சான். மூக்கு வந்துவிட்டது!

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் முகர்ந்தேன். ஆஞ்சலா தலையெண்ணெய், மெழுகுவர்த்தி, ஏலக்காய். ஞாயிறு போடும் கோட்டை அலமாரியிலிருந்து எடுத்தேன், தூக்கிப் போட்டேன். அப்படி ஒரு நாற்றம். அதைப் போட்டுக்கொண்டுதான் மார்ச் 16 உங்களுக்குக் கடிதம் எழுதினேன்.

அப்போதுதான் புரிந்தது, ஏன் போன் வேண்டாம், ஏன் இன்லண்ட் வேண்டாம், ஏன் உறையை நன்றாக ஒட்டச் சொன்னீர்கள் என்று. மலை ஈரமாம், மசி ஊறுமாம்! பால்பாயிண்ட் பேனாவில் எழுதுகிற எனக்கு!

இந்த உறையையும் நன்றாக ஒட்டியிருக்கிறேன். முகர்ந்து பாருங்கள்.

புதன்கிழமை கிளம்பி வருகிறோம்.

ஃபிராங்க்ளின்
(29 நாள்)

*

அடுகோடி
27 ஏப்ரல் 2025, ஞாயிறு

அன்புள்ள மாப்பிள்ளை,

நீங்கள் இருவரும் நல்லபடியாக ஊர் சேர்ந்திருப்பீர்கள். நாங்கள் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறோம்.

வியாழக்கிழமை நடந்ததை மறுபடி எழுதி வைக்கிறேன், இந்தத் தடவை மறக்காமல் இருக்க அல்ல, எழுத ஆசையாக இருக்கிறது என்பதால். டாக்டர் கட்டைப் பிரித்து விரலை அழுத்தினார், திருப்பினார், கண்ணாடியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஆஞ்சலா என் சட்டைக் கையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். "புண் மூடிட்டு வருது. விரல் உங்க கிட்டயே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் சட்டைக் கை கிழிந்துபோனது.

வெளியே வந்தோம். அதே ஆட்டோ ஸ்டாண்ட். நீங்கள் அதன் பின்னால் போனீர்கள். நானும் பின்னாலேயே இரண்டடி வைத்தேன். திரும்பி வந்து, "அங்க ஒண்ணை ரெண்டா ஊத்தற பைடூ காபி நல்லா இருக்கும்போல, இங்கேயே வாசனை வருது" என்றீர்களே, அப்போது சொல்ல நினைத்ததை இப்போது சொல்கிறேன்.

ஆமாம், முகர்ந்தேன். எல்லாக் கடிதத்தையும். மார்ச் 6ஆம் தேதியது பழைய சாம்பல் வாசனை, அது எதிர்பார்த்தது. பதினாறாம் தேதியது புதுப் புகை. உறையைப் பிரித்ததுமே முகத்தில் அடித்தது. கடையில் வைத்து முகர்வதைப் பார்த்த சேஷகிரி, "ஏன் சார், காகதானூ மூசி நோடித் தகோத்தீரா?" என்று கன்னடத்தில் கேட்டார். மோட்டாரைப் போலக் காகிதத்தையும் முகர்ந்துதான் வாங்குவீர்களா என்று. இது என் தங்கச்சி வீட்டு மோட்டார், கொஞ்சம் சூடேறியிருக்கிறது, காயில் இன்னும் கருகவில்லை என்றேன்.

உங்கள் கடைசிக் கடிதத்தில் ஏலக்காய் இருந்தது, தேங்காயெண்ணெய் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் கருகின வார்னிஷ். புகை தேடினேன். இல்லை.

அந்தப் பதினாறாம் தேதிக் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்காவது "ஒண்ணே ஒண்ணு" என்று தோன்றினால் எடுத்து முகருங்கள்.

இன்று முப்பத்தைந்து. ஞாயிறு ஐந்தும் உள்ளே.

இனிக் கடிதம் வேண்டாம் மாப்பிள்ளை. இது கிடைத்ததும் போன் செய்யுங்கள். போனை இடது கையில் பிடியுங்கள். வலது கை என்ன செய்கிறது என்று நான் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
ஆம்ப்ரோஸ்